ஆலை ஊர்கள் – 9: லாங் பீச், அடுத்த விமானம் வராத ஊர்

டெட்ராய்ட் பற்றிச் சென்ற வாரம் பேசியபோது காரணங்கள் கண்ணெதிரே இருந்தன. பெட்ரோல் விலை ஏறியது, ஜப்பான் கார் வந்தது, உள்ளூர்க் கார் விலைபோகவில்லை, ஆலைகள் மூடின. விமான ஆலையின் கதையை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஆகாயத்தில் கூட்டம் குறையவே இல்லை. போயிங், ஏர்பஸ் இரண்டிடமும் பல ஆண்டுகளுக்குத் தீராத ஆர்டர்கள் குவிந்து கிடக்கின்றன. அப்படியிருந்தும் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் 1941 முதல் 2015 வரை ஓய்வின்றி ஓடிய மாபெரும் ஆலையில் இன்று ஒரு விமானம்கூடத் தயாராவதில்லை. பண்டத்துக்குக் கிராக்கி இருக்கும்போதே அதைச் செய்த ஊர் எப்படிக் கைவிடப்பட்டது?

லாங் பீச், லாஸ் ஏஞ்சலீஸுக்குத் தெற்கே உள்ள துறைமுக நகரம். டொனால்ட் டக்ளஸ் 1921இல் தொடங்கிய விமான நிறுவனத்துக்குத் தலைமையிடம் அதே கடற்கரையில் உள்ள சான்டா மோனிகா. ஐரோப்பாவில் போர் மூண்டு ராணுவ ஆர்டர்கள் மலைபோலச் சேர்ந்ததும், லாங் பீச் விமான நிலையத்தை ஒட்டி டக்ளஸ் இன்னோர் ஆலையைக் கட்டினார். 1941 அக்டோபரில் திறப்பு; டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல். போர் முடிவதற்குள் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் 3,000 அளவிலும், சி-47 விமானங்கள் 4,000க்கு மேலும் இந்த ஆலையிலிருந்து வெளியேறின. நம் வீட்டுப் பெரியவர்கள் டகோட்டா என்று சொல்வார்களே, அதுதான் இந்த சி-47. 1947 அக்டோபர் 27 அன்று இந்தியப் படையை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கியவை டகோட்டாக்கள்தான்.

போர்க்காலத்தில் இந்த ஆலையின் தொழிலாளர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பெண்கள். அமெரிக்க அரசுக்காக ஆல்ஃபிரட் பாமர் 1942இல் இங்கே எடுத்த வண்ணப்படங்களை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள்: தலையில் துணி கட்டிய இளம்பெண்கள், பளபளக்கும் அலுமினியத் தகட்டுக்கு முன்னால் முழுக் கவனத்தோடு நிற்பார்கள். அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தகடுகளைப் பிணைக்கும் ஒரு ரிவெட் ஆணியை அடிக்க இரண்டு பேர் தேவை. ஒருத்தி வெளியே நின்று காற்றுச் சுத்தியலால் அடிப்பாள். இன்னொருத்தி உடற்கூட்டின் உள்ளே குறுகி உட்கார்ந்து, ஆணியின் மறுமுனையில் ஒரு இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்திருப்பாள். நடுவில் தகடு மறைப்பதால் முகம் தெரியாது. ஆலை இரைச்சலில் குரலும் கேட்காது. கையில் ஏறும் அதிர்வை வைத்தே ரிவெட் சரியாக உட்கார்ந்துவிட்டதா என்று கண்டுகொள்ள வேண்டும். ஒரு பெரிய விமானத்தில் இப்படி லட்சக்கணக்கான ரிவெட்டுகள். இந்தக் கைப்பழக்கத்தை எந்த வரைபடத்திலும் எழுதிவைக்க முடியாது.

கைப்பழக்கத்துக்குக் கணக்கு உண்டு என்று காட்டியவர் டி.பி. ரைட் என்ற விமானப் பொறியாளர். ஒரே ரக விமானத்தின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்கு ஆகும் உழைப்பு நேரம் ஏறத்தாழ 20 சதவீதம் குறைகிறது என்று 1936இல் அவர் எழுதினார். விமானத் தொழிலின் நல்லதும் கெட்டதும் இந்த ஒரு கணக்குக்குள் அடங்கியிருக்கின்றன. ஒரு புதிய ரகத்தின் முதல் விமானங்கள் நஷ்டத்தில்தான் பிறக்கும். நூற்றுக்கணக்கில் செய்து கை பழகிய பிறகே பணம் திரும்பும். அதுவரை பல ஆண்டுகள் நஷ்டத்தைத் தாங்கத் துணிபவர்கள்தான் புதிய விமானம் செய்ய முடியும்.

போர் முடிந்ததும் பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். பிறகு பனிப்போர் வந்து ஆலையை மறுபடி நிரப்பியது. 1950 தொடங்கி மூன்றே ஆண்டுகளில், பக்கத்தில் அவரை விளைந்த நிலத்தில் லேக்வுட் என்ற குடியிருப்பு எழுந்தது. 17,500 வீடுகள். போரிலிருந்து திரும்பியவர்களுக்கு முன்பணமே வேண்டாம், மாதத் தவணை போதும். டக்ளஸில் வேலை, லேக்வுட்டில் வீடு, வாசலில் கார். உயர்நிலைப் பள்ளி முடித்த தொழிலாளிக்கு அது பெருவாழ்வு. ஆனால் அந்த வீடுகளைக் கறுப்பினத்தவருக்கு விற்கவில்லை. போர்த்தொழிலில் நிறவேற்றுமை கூடாது என்று அதிபர் ரூஸ்வெல்ட் 1941இலேயே ஆணையிட்டிருந்தார்; ஆலைக்குள் அவர்கள் வந்தார்கள், ஊருக்குள் இடமில்லை. லாங் பீச்சின் பொற்காலத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜெட் காலம் லாங் பீச்சுக்குத் தந்த பெரிய பரிசு, சான்டா மோனிகாவின் இழப்பில் கிடைத்தது. டிசி-8 ஜெட்டுக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். ஓடுபாதையை நீட்ட சான்டா மோனிகா இடம் தரவில்லை. வேலை லாங் பீச்சுக்கு நகர்ந்தது. 1958 மே 30 அன்று முதல் டிசி-8 இங்கிருந்து எழும்பியது. 1965இல் சிறிய டிசி-9 வந்தது. விமான நிறுவனங்கள் வரிசை கட்டி வாங்கின.

1966இல் ஆர்டர் புத்தகம் நிரம்பி வழிந்தது, கல்லாவோ காலி. வியட்நாம் போர் என்ஜின்களையும் பழகிய தொழிலாளர்களையும் இழுத்துக்கொண்டது. புதியவர்களைச் சேர்த்துச் சேர்த்து வேலை வாங்கினார்கள். ரைட்டின் கணக்கு தலைகீழாக ஓடியது. ஒவ்வொரு விமானத்துக்கும் நினைத்ததைவிட அதிக நேரம், அதிகப் பணம். 1967 ஏப்ரலில் செயின்ட் லூயிஸின் மெக்டனல் நிறுவனம் டக்ளஸை எடுத்துக்கொண்டது. மெக்டனலின் பலம் போர் விமானம். அதில் வடிவமைப்புச் செலவை அரசாங்கம் ஏற்கும். பயணிகள் விமானத்தில் சொந்தப் பணத்தைப் போட்டுப் பத்தாண்டு காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை புதிய முதலாளிகளுக்குக் கடைசிவரை வரவில்லை என்பதே என் முடிவு.

பெரிய துணிச்சல் ஒன்று நடந்தது: மூன்று என்ஜின் கொண்ட பெரிய பயணிகள் விமானம் டிசி-10. அதே அளவில், அதே மூன்று என்ஜின்களோடு லாக்ஹீடின் டிரைஸ்டாரும் 1970இல் பறந்தது. ஒருவருக்கே போதாத சந்தையை இருவர் பங்கிட்டார்கள். லாக்ஹீட் 250 விமானங்களோடு பயணிகள் விமானத் தொழிலையே விட்டது. டிசி-10 தப்பியது, ஆனால் பெயர் கெட்டது. சரக்குக் கதவின் பூட்டில் இருந்த குறை 1972இலேயே ஒருமுறை நடுவானில் எச்சரித்திருந்தும் முழுமையாகச் சரிசெய்யாததால், 1974இல் பாரிஸ் அருகே விமானம் விழுந்து 346 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு லாங் பீச்சில் முழுக்கப் புதிதான ஒரு பயணிகள் விமானம் பிறக்கவே இல்லை. டிசி-9ஐ நீட்டி எம்டி-80 செய்தார்கள், அதையும் நீட்டி எம்டி-90. டிசி-10ஐ நீட்டி எம்டி-11. நீட்டுவது மலிவு, பாகங்களைப் பிடித்துவைக்கும் ஜிக்குகளும் கருவிகளும் ஏற்கெனவே இருக்கின்றன, கைகளும் பழகியவை. எம்டி-80 ஆயிரத்துக்கு மேல் விற்கவும் செய்தது. ஆனால் எதிரே ஏர்பஸ் 1987இல் ஏ-320ஐயும், போயிங் 1994இல் 777ஐயும் அடியிலிருந்து புதிதாகப் படைத்துப் பறக்கவிட்டன. எம்டி-11 வாக்களித்த தூரத்தைத் தொடக்கத்தில் எட்டவில்லை. 200 விமானங்களோடு நின்றது. 1996 அக்டோபரில் அடுத்த பெரிய விமானத் திட்டமான எம்டி-எக்ஸ்எக்ஸ் கைவிடப்பட்டது. டிசம்பரில் போயிங்குடன் இணைப்பு அறிவிப்பு. 1997 ஆகஸ்ட் 1 அன்று இணைப்பு நிறைவேறியது.

ஆலை மூடிய ஆண்டு 2015 என்று பதிவேடுகள் சொல்லும். என் கணக்கில் அது 1996 அக்டோபரில் தீர்மானமானது. இணைந்த சில மாதங்களிலேயே எம்டி-80, எம்டி-90 உற்பத்தியை முடிக்கப்போவதாக போயிங் அறிவித்தது. டிசி-9 வம்சத்தின் கடைசிப் பிள்ளைக்கு மட்டும் போயிங் 717 என்று பெயர் வைத்து 156 விமானங்கள் செய்தது. 2006 மே மாதம் அதுவும் முடிந்தது. ரிவெட் அடித்தவர்கள் மேல் இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பனிப்போர் முடிந்த கையோடு வந்த ஆட்குறைப்பில் லேக்வுட்டில் தவணை கட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள் தவித்தன. வாகனத் தொழிலாளர்களின் யுஏடபிள்யூ சங்கத்தின் 148ஆம் கிளை சம்பளத்துக்கும் பணிப்பாதுகாப்புக்கும் போராட முடிந்தது. அடுத்து எந்த விமானம் என்ற தீர்மானம் நடந்த அறையில் அதற்கு நாற்காலி இல்லை.

மிஞ்சியது சி-17 ராணுவச் சரக்கு விமானம். போதும் என்று விமானப் படை சொன்ன பிறகும் அமெரிக்க காங்கிரஸ் கூடுதலாக வாங்கவைத்தது. 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் உதிரிபாகம் செய்தவர்கள் இருந்தார்கள், எந்த எம்.பி.யும் தன் தொகுதி வேலையை விட்டுக்கொடுக்க மாட்டார். அது சில ஆண்டுகளை வாங்கிக்கொடுத்தது. ஆண்டுக்கு 15 என்றிருந்த உற்பத்தி 10 ஆனது. 2013 செப்டம்பரில் மூடும் அறிவிப்பு வந்தது. பல மாநிலங்களில் சுமார் 3,000 பேரின் வேலை அதோடு தொடர்புடையது. 2015 நவம்பர் 29 அன்று லாங் பீச்சில் கட்டிய கடைசி சி-17 கிளம்பிப் போனது. மொத்தம் 279.

வாங்க ஆளில்லாமலே போயிங் கடைசியாகக் கட்டிவைத்த பத்து விமானங்களில் ஒன்று நம்மிடம் இருக்கிறது. இந்தியா 2011இல் பத்து சி-17களுக்கு ஒப்பந்தம் போட்டது. பதினொன்றாவது 2019 ஆகஸ்டில் வந்தது, விற்காமல் இருந்த அந்தப் பத்தில் கடைசியாக. காபூலிலிருந்து 2021இலும், உக்ரைன் போரின்போது 2022இலும் நம்மவர்களில் பலரை அழைத்துவந்தது ஹிண்டன் தளத்தில் நிற்கும் இந்தப் படைதான். இன்னொன்று வேண்டுமென்றால் புதிதாக வாங்க முடியாது. 2025 ஜூனில், ஒரு நாட்டின் ஆர்வத்தால் உற்பத்தியை மறுபடி தொடங்குவது பற்றி ஆரம்பநிலைப் பேச்சு நடப்பதாக போயிங் தரப்பு சொன்னது. கட்டடத்தை மறுபடி எழுப்பிவிடலாம். கலைந்துபோன ஆயிரக்கணக்கான பழகிய கைகளை எங்கிருந்து கூட்டுவது?

அந்த வளாகத்தில் இப்போது புதியவர்கள் இருக்கிறார்கள். 717 கட்டிய கூடத்துக்கு மெர்சிடிஸ் பென்ஸ் வந்தது. சி-17 கூடத்தை ராக்கெட் செய்யும் ரிலேட்டிவிட்டி ஸ்பேஸ் 2021இல் குத்தகைக்கு எடுத்தது. பாகங்களை முப்பரிமாண அச்சில் அச்சிட்டே ராக்கெட் செய்ய முனைந்த நிறுவனம் அது. பழைய எண்ணிக்கையில் ஆட்கள் அதற்குத் தேவைப்பட மாட்டார்கள். இதே ஊரில் இருந்த விர்ஜின் ஆர்பிட் 2023இல் திவாலானது. வேலை வருகிறது என்று கைதட்டிய ஊர், சில ஆண்டுகளில் அது போவதையும் பார்க்கிறது.

ஒரு நிறுவனத்தைப் பற்றி மட்டும் நான் நம்பிக்கையோடு படித்துவந்தேன். ஜெட்ஜீரோ, லாங் பீச்சைத் தலைமையிடமாகக் கொண்டது. உடலும் இறக்கையும் ஒன்றாகக் கலந்த, பழைய எதையும் நீட்டாத ஒரு பயணிகள் விமானத்தை வடிவமைக்கிறது. 1996க்குப் பிறகு இந்த ஊர் காத்திருந்தது இப்படி ஒன்றுக்காகத்தான். 2025 ஜூனில் ஜெட்ஜீரோ தன் ஆலைக்கு இடம் அறிவித்தது. 14,000க்கும் மேற்பட்ட வேலைகளைத் தரும் என்று சொல்லப்படும் அந்த ஆலை, நாட்டின் மறுகரையில், வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோவில் அமையப்போகிறது.

(தொடரும்)