ஆசை காட்டினால் போதுமா?

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டுவதில்லை என்று ஒரு வழக்கு உண்டு. மல்லிகைக்குப் பேர்போன மதுரைச் சீமையிலுள்ளோர்க்கு அதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இவ்வழக்கைப் புஸ்தகத்துக்கும் பொருத்திப் பேசுவோர் நம்மிடையே பலர் இருக்கின்றனர். நல்ல நூல் தன் வாசகனைத் தானே தேடிக்கொள்ளும் என்பது அவர்களுடைய கொள்கை. வயது வந்தோர் விஷயத்தில் இது ஓரளவு மெய்யாகலாம். குழந்தைகள் விஷயத்தில் இது சிறிதும் பொருந்தாது என்பது நமது அபிப்பிராயம். மலர்ந்த பூ மணக்கும். மூடிய புஸ்தகம் மணப்பதில்லை. அதனுள் இன்ன அதிசயம் இருக்கிறதென்று யாரேனும் சொன்னாலன்றி, அதைத் திறவாத சிறுவனுக்கு அது அட்டையும் தாளுமேயன்றி வேறில்லை.

சினிமாப் படத்துக்கு டிரெய்லர் என்னும் முன்னோட்டம் காட்டுவதுபோல, புஸ்தகத்துக்கும் ஒன்றிரண்டு நிமிஷ முன்னோட்டம் தயாரிக்கும் வழக்கம் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் மேனாடுகளில் பரவி வந்திருக்கிறது. கதையின் ஆரம்பத்தைச் சில சித்திரங்களாலும் சிறிது சங்கீதத்தாலும் காட்டி, முடிச்சு விழுகின்ற இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். உபாத்தியாயர்கள் அதை வகுப்பிலே காட்டிப் பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆவலை மூட்டுகிறார்கள். நம் தேசத்துப் பிரசுரகர்த்தர் சிலரும் இம்முறையைக் கைக்கொண்டிருக்கின்றனர். திருநகரிலும் மதுரையின் மற்றப் பேட்டைகளிலும் உள்ள பெற்றோர் சிலர் இதைக் கேட்டு முகஞ் சுளிக்கக்கூடும். கல்வியைச் சோப்புக் கட்டியைப்போல் விளம்பரம் செய்வதா என்று கேட்கவும் கூடும். அக்கேள்வி புறக்கணிக்கத் தக்கதன்று. ஆகவே அதை முதலில் ஆராய்வோம்.

முன்னோட்டம் காட்டிப் புஸ்தகம் விற்பது நமக்கு அந்நிய வழக்கமன்று. சென்ற நூற்றாண்டின் முற்பாதியிலே சந்தைகளிலும், தெருமுனைகளிலும், ரயில் வண்டிகளிலும் சிந்தும் கும்மியும் அச்சிட்ட சிறு புஸ்தகங்களைக் காலணா, அரையணாவுக்கு விற்றுத் திரிந்தவர்கள் இருந்தார்கள். குஜிலி நூல்கள் என்று சென்னையில் பெயர் பெற்ற அவற்றை விற்றவர் வெறுங் கையைக் காட்டி விற்கவில்லை. கூட்டம் சேருமட்டும் பாடிக் காட்டினார். சேர்ந்தபின் புஸ்தகத்தை நீட்டினார். மிச்சக் கதை வேண்டியவர் காசு கொடுத்து வாங்கிச் சென்றனர். நமது மதுரையிலே மீனாக்ஷியம்மன் கோயிலுக்கு எதிரேயுள்ள புதுமண்டபத்துக் கடைகளில் பெரிய எழுத்துக் கதைகள் வெகு காலம் விற்பனையாயின. படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையிலிருந்து அவற்றை உரக்கப் படிப்பதும், தெருவே கூடிக் கேட்பதும் அக்காலத்து வழக்கம். கேட்ட பிள்ளைகளில் பலருக்கு அதுவே எழுத்தின்மேல் பிறந்த முதல் ஆசை. அவர்களை யாரும் மயக்கி ஏமாற்றிவிடவில்லை. எழுத்துக்குள்ளே கதை இருக்கிறது என்னும் உண்மையைத்தான் காதில் போட்டார்கள்.

சிறுவர்க்கான விளம்பரம் எவ்வளவு தூரம் பலிக்கும் என்பதற்கு அண்மைக் காலத்து உதாரணம் ஒன்று நமக்கு வெகு சமீபத்திலேயே இருக்கிறது. திருநகரைக் கடந்து திருமங்கலம், விருதுநகர் என்று தெற்கே போகும் பாதை சிவகாசிக்குக் கொண்டு சேர்க்கும். தீப்பெட்டிச் சீட்டும், பட்டாசுக் கட்டின் படமும், காலண்டர்ச் சித்திரமும் அச்சடித்துத் தேசமெங்கும் கண்ணைக் கவர்ந்த ஊர் அது. அவ்வூரிலிருந்து 1972ஆம் வருஷம் முத்து காமிக்ஸ் என்னும் சித்திரக் கதை வெளியீடு புறப்பட்டது. அதன் முதல் கதை, ஆங்கில நாட்டிலிருந்து வந்து தமிழ் பேசிய இரும்புக்கை மாயாவி. 1984இல் அதே ஊரிலிருந்து லயன் காமிக்ஸ் கிளம்பிற்று. இவ்விரண்டுக்காகவும் தமிழ்நாட்டுச் சிறுவர் காத்துக் கிடந்த காத்திருப்பை இன்று நாற்பதும் ஐம்பதும் கடந்தோர் நன்கு அறிவர்.

அந்தக் காத்திருப்பை உண்டாக்கியது எது? கதையோடு கூட, அடுத்த வெளியீடு இன்னதென்று அறிவித்த விளம்பரப் பக்கமும் ஆகும். முகமூடியணிந்த உருவம் ஒன்று, பாதி தெரியும் அபாயம் ஒன்று, இரண்டு வரி வாசகம், விரைவில் வருகிறது என்னும் உறுதி, இவ்வளவே அதிலிருந்தவை. கையிலிருந்த கதையை முடித்த பையன் அந்தப் பக்கத்தில் கண்ணை வைத்து, அடுத்த கதையைத் தன் மனத்திலேயே பாதி எழுதிவிடுவான். காசு சேர்ப்பான், தோழரோடு பங்கு பேசுவான், கடைக்காரரை நாள்தோறும் விசாரிப்பான். பள்ளிக்கூடத்துப் பாடத்தை எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளைகள் மாயாவியைத் தடையின்றிப் படித்ததும், படித்துப் படித்தே வாசிப்பில் வேகம் பெற்றதும் நம் தலைமுறையினர் கண்கூடாகக் கண்டவை.

இதன் இரகசியத்தைச் சற்று ஆராய்ந்தால் மூன்று அங்கங்கள் தென்படும். முதலாவது, விளம்பரம் ஒரு கேள்வியைக் கிளப்பி விடையைச் சொல்லாமல் விட்டது. இரண்டாவது, அது பையனுக்கு உபதேசம் செய்யவில்லை. படித்தால் அறிவு வளரும், பரீக்ஷையில் தேறலாம் என்றெல்லாம் சொல்லி அவனை விரட்டவில்லை. மூன்றாவது அங்கமே எல்லாவற்றிலும் முக்கியமானது. விளம்பரம் செய்த புஸ்தகம், பையன் நடந்து போய்ச் சேரக்கூடிய பெட்டிக்கடையிலே, அவன் சேர்க்கக்கூடிய சில்லறைக்குக் கிடைத்தது. முதலிரண்டும் ஆசையை மூட்டின. மூன்றாவது அதை நிறைவேற்றிற்று. அந்த வெளியீடுகள் இன்றும் நடைபெறுகின்றன. அடுத்த வெளியீட்டு விளம்பரமும் குறையவில்லை. ஆனால் பெட்டிக்கடையில் அவற்றைக் காண்பது அரிதாகி, சந்தா மூலமும் புஸ்தகக் கண்காட்சி மூலமுமே பெரும்பாலும் விற்பனையாகின்றன. அவற்றை வாங்குவோரிற் பலர் அந்நாளில் சிறுவராயிருந்தவர்களே. விளம்பரம் நிலைத்தது, கடை தூரமாயிற்று, சிறுவன் விலகிப் போனான். இதைக் காட்டிலும் தெளிவான பாடம் நமக்கு வேண்டுமா?

விளம்பரத்தைச் செய்ய வேண்டியவர் யார் என்பதும் யோசிக்கத்தக்கது. அமெரிக்காவிலே ரீடிங் ரெயின்போ என்னும் டெலிவிஷன் நிகழ்ச்சி 1983 முதல் 2006 வரையில் நடந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு கதைப் புஸ்தகத்தைப் படத்தோடு சொல்லியபின், முடிவில் சிறுவர் சிறுமியரே வந்து தாம் படித்த நூலைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசினார்கள். பெரியவர் புகழும் புஸ்தகத்தைப் பிள்ளை சந்தேகத்தோடு நோக்கும். தன் வயதுப் பிள்ளை புகழ்ந்தாலோ உடனே கையை நீட்டும். மாங்காய் விஷயத்தில் உண்மையான இது புஸ்தக விஷயத்திலும் உண்மை. நம் பள்ளிகளில் காலைக் கூட்டத்தின்போது, வாரத்துக்கு ஒரு நாள் ஒரு பிள்ளை தான் படித்த கதையின் பாதியைச் சொல்லி நிறுத்த ஒரு நிமிஷம் ஒதுக்கினால் என்ன நஷ்டம்? இதற்குக் காமிராவும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். இதைவிடச் சிக்கனமான முன்னோட்டம் உலகில் இல்லை.

எனினும் விளம்பரத்தில் அபாயமே இல்லையென்று நாம் வாதிக்கவில்லை. குழந்தைகளின் அனுபவமின்மையையும் எளிதில் நம்பும் இயல்பையும் விளம்பரக்காரர் தம் லாபத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று 2022ஆம் வருஷத்திய மத்திய சர்க்கார் நெறிமுறைகள் விதித்திருக்கின்றன. மிட்டாய்க்கும் பானத்துக்கும் உரிய இவ்விதி புஸ்தகத்துக்கும் உரியதே. பத்துப் பக்கத்துச் சாதாரணக் கதைக்குப் பெரும் போர்க்களக் காட்சி காட்டி விற்பவன், ஒரு புஸ்தகத்தை விற்று ஒரு வாசகனை இழக்கச் செய்கிறான். இன்னொன்றும் உண்டு. முன்னோட்டத்தைச் செல்போனில் தனியே பார்க்கும் பிள்ளை, அது முடிந்தவுடன் புஸ்தகத்தைத் தேடிச் செல்வதில்லை. விரலால் தள்ளி அடுத்த படத்துக்குச் செல்கிறது. பிள்ளையைத் திரையிலேயே பிடித்து வைப்பது அக்கருவியின் தொழில். திரையைவிட்டு எழுப்பிப் புஸ்தகத்தின் பக்கம் அனுப்புவது முன்னோட்டத்தின் தொழில். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. ஆகையால் முன்னோட்டம் காட்டும் இடம் வகுப்பறையும் நூல்நிலையமுமாக இருத்தல் நலம். படம் முடிந்து விளக்கு எரியும்போது, அந்தப் புஸ்தகம் மேஜைமீது இருக்க வேண்டும்.

நாம் வலியுறுத்த விரும்பும் விஷயம் இதுவே. பிள்ளைக்கு ஆசையை மூட்டுகிறவன் அப்பிள்ளைக்குக் கடன்படுகிறான். புஸ்தகத்தைக் கையில் கொடுத்தாலன்றி அக்கடன் தீராது. 1931ஆம் வருஷத்தில் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து வெளியிட்டபோது, நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே உரியவை என்பதை முதல் விதியாக வைத்தார். அதே வருஷத்தில் மன்னார்குடியை அடுத்த கிராமங்களில் மாட்டு வண்டியொன்றில் புஸ்தகங்களை ஏற்றி வீதி வீதியாகக் கொண்டுபோகும் ஏற்பாடு தொடங்கிற்று. வண்டி தெருவில் நுழைவதே விளம்பரம். வண்டிக்குள் இருப்பதே சரக்கு. ஆசைக்கும் அதன் நிறைவுக்கும் இடையே அங்கு நாலடித் தூரங்கூட இருக்கவில்லை.

இன்று நமக்குப் பொருளில்லையென்று சொல்வதற்கில்லை. 1948ஆம் வருஷத்துச் சென்னைப் பொது நூலகச் சட்டம் ஏற்பட்டது முதல் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகி வருகிறது. வீடும் மனையும் உள்ள திருநகர்வாசி ஒவ்வொருவரும் நூல்நிலையத்தின் பங்காளியே. 2023 ஜூலை 15ஆம் தேதியன்று மதுரை புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட பரப்பும், சிறுவர்க்கெனத் தனிப் பகுதியும் கொண்ட அது தமிழ்நாட்டுக்குப் பெருமை தரும் கட்டடம் என்பதில் ஐயமில்லை. சிறுவர் வாசிப்புக்கென்றே, நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக வகுத்த சிறு புஸ்தகங்களைப் பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்தின் மூலம் வெளியிட்டிருக்கிறது. இவை யாவும் பாராட்டத்தக்கவை.

ஆயினும் நத்தம் சாலை நகரின் ஒரு கோடி. திருநகர் மற்றொரு கோடி. கூலிக்குப் போகும் தாய், ஒரு கதைப் புஸ்தகத்துக்காக வேலையை விட்டுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஊரைக் கடந்து செல்வாள் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. அப்பிள்ளைக்கு எட்டக்கூடிய நூல்நிலையம் அதன் பள்ளிக்கூடத்து அலமாரியே. அந்த அலமாரிகளில் பல, வருஷத்தில் பெரும் பகுதி பூட்டியே கிடக்கின்றன. உபாத்தியாயரை மட்டும் குறை கூறுவதிற் பயனில்லை. கணக்கெடுக்கும் நாளில் ஒரு புஸ்தகம் குறைந்தாலும் கிழிந்தாலும் தாம் பதில் சொல்ல நேருமே என்னும் அச்சம் சாவியைப் பூட்டைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. பிள்ளைகள் எடுத்துப் படித்ததால் கிழிந்த புஸ்தகத்துக்கும் நியாயமான அளவில் காணாமற் போனவைக்கும் எந்த உபாத்தியாயரும் ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்று சர்க்கார் ஐயத்துக்கிடமின்றிப் பள்ளிதோறும் அறிவிக்க வேண்டும். கிழிந்த புஸ்தகம் தன் கடமையைச் செய்துவிட்டது. புத்தம் புதிதாக அலமாரியில் இருப்பதே விசாரணைக்குரியது.

பிரசுரகர்த்தர்களுக்கும் ஒரு வார்த்தை. தமுக்கத்தில் நடைபெறும் புஸ்தகக் கண்காட்சிக்கு வரும் பிள்ளைகள் கூட்டத்தைப் பார்க்கிறோம். அங்கே முன்னோட்டம் காட்டுங்கள், கதை சொல்லுங்கள், பொம்மலாட்டமும் ஆடுங்கள்; நாமும் வந்து கைதட்டுவோம். ஆனால் அச்சிறுவர்க்குரிய நூலின் விலையைச் சிறுவரின் கைக்கு எட்டும்படி வையுங்கள். புதிய படத்தின் சுவரொட்டியை ஒரே இரவில் நகரமெங்கும் ஒட்டிவிடும் திறமை மதுரைக்கு உண்டு. அதில் நூற்றில் ஒரு பங்கைப் பள்ளிக்கூடத்துச் சுவர்களில் சிறுவர் நூலுக்குச் செலவிட நகரத்துத் தனவந்தர் முன்வரலாகாதா? ஒட்டுகிற ஒவ்வொரு தாளோடும் அந்தப் பள்ளிக்கு அந்நூலில் ஐந்தாறு பிரதிகள் போய்ச் சேரட்டும்.

வீட்டிலே புஸ்தகமுள்ள பிள்ளைக்கு இவையெல்லாம் வேண்டுவதில்லை. அதன் தகப்பனார் வாங்கிக் கொடுத்துவிடுவார். நாம் கவலைப்படுவது வீட்டில் ஒரு புஸ்தகமுமில்லாத பிள்ளையைப் பற்றி. முன்னோட்டத்தைக் கண்டு கண் மலர்ந்து, அந்தக் கதை எங்கே கிடைக்கும் என்று அது கேட்கும். பூட்டிய அலமாரியைக் காட்டினால், புஸ்தகம் என்பது தன்னைப் போன்றவர்க்கு உரியதன்று என்ற பாடத்தை அப்பிள்ளை அன்றே கற்றுக்கொள்ளும். பின்னர் அதை மறக்கச் செய்ய எந்த விளம்பரத்தாலும் இயலாது. ஆகவே முன்னோட்டம் தயாரிக்கும் நண்பர்கள் உத்ஸாகத்தோடு தயாரிக்கட்டும். அதைப் பள்ளியிற் காட்டுமுன் தலைமை உபாத்தியாயர் அலமாரியின் சாவியைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.