இல்லத்தில் ஓர் இசைக் களஞ்சியம்

1902-ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரல் இசைத்தட்டில் பதிவாயிற்று. அத்தகைய பழந்தட்டுகளின் ஒலியை இன்று எண்வடிவாக்கி, வீட்டுக் கணிப்பொறியொன்றில் சேமித்து, எல்லா அறைகளிலும் கேட்கலாம். அவ்வாறு பயன்படும் பொறி ‘மீடியா சர்வர்’ எனப்படும்.

இதற்கு மிகுந்த வேகம் வேண்டுவதில்லை. குறுந்தட்டுத் தரத்தில், சுருக்கப்படாத ஒரு மணி நேர இசை ஏறத்தாழ 635 மெகாபைட் கொள்ளும். 1,000 மணி நேர இசையும் ஒரு டெராபைட்டுக்குள் அடங்கும். ஆதலின் மின்சாரத்தைக் குறைவாகச் செலவிடும் சிறு கணிப்பொறியே போதும். திரைப்படங்களை வேறு வடிவுக்கு மாற்றிக்கொண்டே காட்டுவதாயின் மட்டும் ஆற்றல் மிக்க பிராசஸர் தேவைப்படும்.

இயங்குதளமாக, விலையின்றிக் கிடைக்கும் டெபியன் லினக்ஸ் ஏற்றது. அடிக்கடி மாறுதலின்றி நெடுநாள் இயங்குவது அதன் சிறப்பு. பாடல்களை வகைப்படுத்தி வழங்க ஜெல்லிஃபின் என்னும் மென்பொருள் உதவும்.

எனினும், வேகத்தினும் பாதுகாப்பே முதன்மையானது. 2020 மே 20 அன்று வீசிய ஆம்பன் புயலால் கொல்கத்தாவின் பல பகுதிகளில் மின்சாரம் நாட்கணக்கில் தடைப்பட்டது. கோப்புகளை எழுதும்போது மின்சாரம் நின்றால் அவை சிதையக்கூடும், எனவே யு.பி.எஸ். வேண்டும். இரு வட்டுகளில் ஒருங்கே எழுதும் முறை, ஒரு வட்டு பழுதுறும்போது கைகொடுக்கும். ஆனால் தவறுதலாக அழித்த பாடல் இரண்டிலும் அழியும். ஆகவே, தனி வட்டொன்றில் படியெடுத்து வேறோர் இல்லத்தில் வைத்தல் இன்றியமையாததாகும்.