களஞ்சியத்து நெல்லும் காப்புறுதிப் பத்திரமும்

காலபோக அறுவடை முடிந்தவுடன் நெல்லை வந்த விலைக்கு விற்றுவிடாமல், பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு களஞ்சியத்தில் வைத்து, விலை ஏறும்போது விற்பது நல்ல வழக்கம். இடம்பெயர்ந்து வந்து மீண்டும் கமஞ்செய்யும் குடும்பங்களுக்கு அந்த மூட்டைகளே அடுத்த போகத்தின் விதைநெல், பிள்ளைகளின் படிப்புச் செலவு, பட்ட கடன் எல்லாம். ஆகவே சங்கங்கள் அவற்றுக்குக் காப்புறுதி செய்கின்றன. செய்துவிட்டு, இனிப் பயமில்லை என்று இருந்துவிடுகின்றன. இங்கேதான் பிழை நேர்கிறது. எந்தக் கட்டடத்தில், எந்த நிலையில் வைக்கப்பட்ட நெல் என்று பத்திரம் சொல்கிறதோ, அந்த நெல்லுக்கு மட்டுமே காப்புறுதி நிறுவனம் பொறுப்பேற்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். வயலில் நிற்கும் பயிருக்குச் செய்யும் காப்புறுதி வேறு, சாக்கில் கட்டிய நெல்லுக்குச் செய்வது வேறு. இரண்டாவது வகை பெரும்பாலும் தீக் காப்புறுதியே. தீ, மின்னல் ஆகியவற்றுக்கு அது பொறுப்பு. புயல், வெள்ளம், களவு என்பவற்றை மேலதிகப் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எலி தின்றது, வண்டு துளைத்தது, பூஞ்சணம் பிடித்தது என்றால் நட்டஈடு கிடையாது. அவை திடீரென வந்த விபத்தல்ல, பராமரிப்புக் குறைவு என்பது நிறுவனத்தின் வாதம். அதை மறுப்பதும் கடினம்.

நெல்லின் ஈரப்பதன் நூற்றுக்கு 14 வீதத்துக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். ஈரம் கூடினால் குவியலுக்குள் சூடு பிறக்கும். பூஞ்சணமும் பூச்சியும் பெருகும். இப்படித் தன்னுள்ளே எழுந்த சூட்டினால் நெல் பழுதானாலோ கருகினாலோ, தீக் காப்புறுதிப் பத்திரங்கள் வழக்கமாக அதை விலக்கியே வைத்திருக்கும். பல்லால் கடித்துப் பார்ப்பது நம் பெரியவர்களின் முறை. வீட்டு நெல்லுக்கு அது போதும். சங்க நெல்லுக்கு ஈரமானியால் அளந்து, திகதியுடன் எழுதி வைப்பதே பிற்காலத்தில் சாட்சியாகும்.

அடுத்தது தரை. வெள்ளத்துக்குக் காப்புறுதி எடுத்த பல பத்திரங்களில், பொருட்கள் நிலத்திலிருந்து குறைந்தது 15 சதமமீற்றர், அதாவது 6 அங்குலம், உயரத்தில் வைக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். வெறுஞ் சீமெந்துத் தரையில் அடுக்கிய மூட்டை நனைந்தால் கோரிக்கை தள்ளப்படலாம். 2008இல் நிஷா புயலும் 2025இல் டித்வா புயலும் கொண்டுவந்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விலை கொடுத்துப் பலகைத் தட்டு வாங்க முடியாவிட்டால், பனங்குற்றிகளின்மேல் பலகை அடுக்கலாம். கொம்பறையை நிலத்தில் படாமல் உயர்த்திக் கட்டிய நம் முன்னோர் எந்தப் பத்திரத்தையும் வாசித்தவர்களல்லர்! சுவரிலிருந்தும் ஓர் ஆள் நடக்கும் இடைவெளி விடுங்கள். கூரை ஒழுக்கையும் எலி வளையையும் கண்டுபிடிக்க அதுவே வழி.

நெல்லோடு மண்ணெண்ணெய், கிருமிநாசினி, வைக்கோல் என்பவற்றை வைத்திருக்கிறீர்களா? கூரை ஓடா, தகரமா, கிடுகா? விண்ணப்பப் படிவம் கேட்கும் இவ்வாறான கேள்விகளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். முகவர் தாமே நிரப்பிக்கொண்டு "இதிலே ஒப்பமிடுங்கள்" என்று நீட்டினால், வாசிக்காமல் ஒப்பமிட வேண்டாம். கிடுகுக் கொட்டிலை ஓட்டுக் கட்டடம் என்று எழுதினால் கட்டுப்பணம் குறையலாம். ஆனால் தீப்பிடித்த அன்று பத்திரமே செல்லாமற் போகலாம்.

எம்மவருக்கு மிக முக்கியமானது இடம். பத்திரத்தில் குறித்த கட்டடத்திலிருந்து நெல்லைப் பாடசாலைக்கோ உறவினர் கொட்டிலுக்கோ ஏற்றிச் சென்றால், காப்புறுதி அதனோடு கூடவே போகாது. புதிய இடத்தை எழுத்தில் அறிவித்து, நிறுவனம் ஏற்றுக்கொண்டதற்கான கடிதம் பெற வேண்டும். களஞ்சியம் 30 நாட்களுக்கு மேல் ஆளின்றிக் கிடந்தாலும் காப்பு நின்றுவிடும் என்று பல பத்திரங்கள் கூறுகின்றன. யுத்தத்தால் வரும் அழிவைத் தீக் காப்புறுதி ஏற்பதில்லை. கலவரத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

தொகையிலும் கவனம் தேவை. 10 இலட்சம் ரூபா நெல்லை 5 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்து, 4 இலட்சம் ரூபா நெல் எரிந்தால், கிடைப்பது 2 இலட்சம் மட்டுமே. பாதிக்குத்தான் காப்புறுதி செய்தீர்கள், ஆகவே பாதி நட்டமே எங்களது என்பார்கள். சேமித்த கட்டுப்பணம் எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்று பாருங்கள்.

சேதம் நேர்ந்தால் உடனே அறிவியுங்கள். நனைந்த நெல்லை மதிப்பீட்டாளர் பார்க்குமுன் கொட்டிவிடாதீர்கள். அதேவேளை நல்ல மூட்டைகளைப் பிரித்தெடுத்துக் காயவைப்பதும் உங்கள் கடமையே. கைகட்டி நின்றால் அதையும் குறையாகச் சொல்வார்கள். முடிந்தால் படம் எடுத்து வையுங்கள். யாருடைய நெல், எத்தனை மூட்டை, எந்தத் திகதியில் வந்தது, போனது என்ற இருப்புப் புத்தகம் களஞ்சியத்துக்குள் மட்டும் இருந்தால் நெல்லோடு அதுவும் எரிந்துவிடும். அதன் பிரதி ஒன்றையும் பத்திரத்தின் பிரதியையும் பொலித்தீன் உறையிலிட்டுச் செயலாளர் வீட்டில், அடையாள அட்டைகளோடு சேர்த்து வையுங்கள். ஓட வேண்டி வந்தால் முதலில் கையில் எடுப்பது அந்தப் பொதியைத்தானே.