நேருக்கு நேர் ஆசனங்கள்

பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் நேருக்கு நேர் அமர்வது ஏன்? காரணம் ஓர் ஆலயம்! 16ஆம் நூற்றாண்டின் நடுவில், வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையிலிருந்த புனித ஸ்தேவான் சிற்றாலயம் அச்சபைக்குக் கிடைத்தது. பாடகர்கள் எதிரெதிரே அமர்ந்து சங்கீதம் பாடிய இடத்தில் உறுப்பினர்கள் அமர்ந்தனர். பீடம் இருந்த பக்கம் சபாநாயகர் ஆசனம். பாட்டு போய் வாதம் வந்தது, அவ்வளவுதான்!

1834இல் அரண்மனை தீக்கிரையாயிற்று. (பழைய கணக்குக் குச்சிகளை அடுப்பில் அளவுமீறி எரித்ததன் வினை!) அதே அமைப்பில் எழுந்த புதிய மண்டபத்தை 1941 மே மாதம் ஜெர்மானியக் குண்டுகள் அழித்தன. இனி பிரெஞ்சு நாட்டைப் போல அரைவட்டமாகக் கட்டலாமா? கூடாது என்று 1943இல் வாதாடினார் பிரதமர் சர்ச்சில். அரைவட்டத்தில் ஒருவர் சிறிது சிறிதாக நகர்ந்தே கட்சி மாறிவிடலாம். நீள்சதுர மண்டபத்திலோ எல்லோரும் பார்க்க நடுத்தளத்தைக் கடந்தாக வேண்டும். இதைச் சொல்ல அவருக்குத் தகுதியுண்டு. அவரே இருமுறை கட்சி மாறியவர்! எல்லோருக்கும் இடமிருக்கும்படி பெரிதாகக் கட்டவும் அவர் சம்மதிக்கவில்லை. சாதாரண நாட்களில் மண்டபம் வெறிச்சோடிக் கிடக்குமாம்.

எதிரெதிரே அமர்த்தினால் சச்சரவுதான் மிஞ்சும் என்று குறை கூறுவோரும் உண்டு. எனக்கென்னவோ, மறுப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவதே நேர்மையாகத் தோன்றுகிறது.

1950இல் திறக்கப்பட்ட அம்மண்டபத்தில் இன்று 650 உறுப்பினர்களுக்குச் சுமார் 427 இடங்களே உள்ளன. முக்கிய விவாதங்களைப் பலர் நின்றுகொண்டே கேட்கின்றனர்.