மாஸ் என்னும் மரபணு

உயிரணுவை வரம்பின்றிப் பெருகச் செய்து புற்றுநோய்க்கு வித்திடும் ஒரு மரபணுவே, புதிய உயிருக்கு ஆதாரமான முட்டையைப் பக்குவப்படுத்தும் பணியையும் ஏற்றிருக்கிறது என்பது முதலில் முரண்பாடாகவே தோன்றும். ஆயினும் மாஸ் என்னும் மரபணுவின் சரித்திரம் இதைத்தான் உணர்த்துகிறது.

எலிகளுக்குச் சார்கோமா என்னும் புற்றுக்கட்டிகளை உண்டாக்கும் மொலோனி வைரஸில்தான் இது முதலில் அறியப்பட்டது; ஆனால் வைரஸ் அதை எலியின் உயிரணுவிலிருந்தே கவர்ந்துகொண்டிருந்தது. ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் இணைப்புத்திசு அணுக்கள், அண்டை அணுக்களோடு நெருங்கியதும் பெருக்கத்தை நிறுத்திக்கொள்ளும் இயல்புடையவை. மாஸ் புரதம் அவற்றுள் ஓயாது உற்பத்தியானாலோ, அவை உருமாறி, எல்லையை மதியாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன.

ஆரோக்கியமான உடலில் இதற்கு என்ன காரியம்? 1988-இல் நோரியுகி சகாட்டாவும் அவருடைய சகாக்களும் ஜெனோபஸ் என்னும் ஆப்பிரிக்கத் தவளையின் முட்டையில் விடை கண்டனர். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த விட்டமும், ஒரு பாதி கருமையும் மறுபாதி வெளுமையுமாகிய தோற்றமும் கொண்ட அம்முட்டை, குரோமோசோம்களைப் பாதியாக்கும் குன்றல் பிரிவைத் தொடங்கிய நிலையிலேயே சூலகத்தில் காத்திருக்கிறது. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் பட்டால், சில மணி நேரத்தில் உட்கருவின் உறை கரைந்து, கரிய பாதியின் உச்சியில் ஒரு வெண்புள்ளி தோன்றும். மாஸ் புரதம் உருவாகாதபடி தடுத்தபோதோ, ஹார்மோன் அளித்தும் முட்டை பக்குவமடையவில்லை.

பக்குவமான முட்டையைக் கருவுறும்வரை நிறுத்திவைப்பதிலும் மாஸுக்குப் பங்குண்டு. அத்தகைய முட்டையின் சாரத்தை, இரண்டே அணுக்களாகப் பிரிந்திருந்த தவளைக் கருவின் ஓர் அணுவில் செலுத்தினால், அது பிரியாமல் ஸ்தம்பித்து நிற்க, மற்றது தொடர்ந்து பிரிந்துகொண்டே போவதை யோஷியோ மசூயியும் கிளெமென்ட் மார்க்கெர்ட்டும் 1971-இல் கண்டிருந்தனர். அந்தத் தடைச்சக்தியில் மாஸ் அடங்கியிருப்பதைச் சகாட்டா குழு 1989-இல் நிரூபித்தது. கருவுற்றபின் தடை நீங்குகிறது; அப்புரதமும் அழிகிறது.

1994-இல் மாஸ் நீக்கப்பட்ட பெண் எலிகளை ஆராய்ந்தபோது, அவற்றின் முட்டைகள் விந்தணுவின் துணையின்றியே பிரியத் தொடங்கின. சில எலிகளின் சூலகத்தில் கட்டிகளும் தோன்றின. மிகுதியில் கேடு விளைத்த மரபணு, இன்மையிலும் கேடு விளைத்தது! ஆகவே, புற்றுநோய் மரபணுவென்று பெயர் பெற்றதைப் பகையென்று ஒதுக்காமல், எந்த அணுவில், எக்காலத்தில், எவ்வளவு இயங்க வேண்டும் என்ற நியதியை அறிவதே நோயை வெல்ல விழையும் விஞ்ஞானத்தின் கடமையாகும்.