பங்கு என்னும் சொல்லும் தோட்டத்துக் கோயிலும்

ஓர் ஊரின் வரலாற்றை அரசாங்க ஏடுகளில் மட்டும் தேடுவோர்க்குப் பாதி வரலாறே கிடைக்கும். மறுபாதி கோயில் முற்றத்திலும், கல்லறைத் தோட்டத்திலும், முதியோர் நாவிலும் கிடக்கிறது. மலாயாத் தோட்டப்புறத் தமிழருக்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்தும். அவர்களைப் பற்றி அரசும் கம்பெனிகளும் எழுதிவைத்த ஏடுகளில் ஆள் எண்ணிக்கையும் சம்பளக் கணக்கும் உண்டு. அவர்கள் எப்படிக் கூடி வாழ்ந்தார்கள் என்ற செய்தி அவற்றில் மிகக் குறைவு.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானுக்குத் தென்மேற்கே அமைந்த மம்பாவும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களும் இத்தகைய வாழ்வைக் கண்டவை. இத்தோட்டப்புறத் தமிழருள் பெரும்பாலோர் மாரியம்மனையும் முருகனையும் வணங்குவோர். அவர்களோடு ஒரே லயத்தில், ஒரே குழாயடியில், ஒரே பிரட்டுக் களத்தில் வாழ்ந்த சிறுபான்மையினர் கத்தோலிக்கத் தமிழர். சிரம்பான் நகரின் மூத்த ஆலயமான விசிட்டேஷன் ஆலயம், அதாவது மாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்த நிகழ்ச்சியின் பெயரால் அமைந்த ஆலயம், இவ்வட்டாரத்துக் கத்தோலிக்கருக்குத் தாய்க்கோயில் போன்றது. இத்தகைய மக்கள் 'பங்கு' என்ற அமைப்பின்கீழ் எவ்வாறு ஒரு குடும்பமாயினர் என்பதை அறிவது, தமிழாசிரியர்க்கும் தமிழன்பர்க்கும் பயன் தரும்.

பங்கு: இரு பொருள்

ஒரு குருவின் பொறுப்பில் உள்ள நிலப்பரப்பையும், அதில் வாழும் விசுவாசிகளையும் சேர்த்துக் கத்தோலிக்கத் தமிழர் 'பங்கு' என்பர். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் பெயர் 'பரோய்க்கியா' என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. சொந்த மண்ணை விட்டு அயலிடத்தில் தங்கி வாழ்தல் என்பது அதன் பழம்பொருள். தமிழ்ச் சொல்லோ பகுதி, உரிமை, பொறுப்பு ஆகிய கருத்துகளைத் தருகிறது. சொத்தில் பங்கு, சோற்றில் பங்கு, சுமையில் பங்கு என்கிறோம் அல்லவா?

கிரேக்கச் சொல்லின் பொருள் தோட்டத் தமிழரின் தொடக்க நிலையைக் காட்டுகிறது. தமிழ்ச் சொல்லின் பொருள் அவர்கள் அடைய விரும்பிய நிலையைக் காட்டுகிறது. பிழைக்க வந்தவர்கள் பங்காளிகளாக மாறிய கதையே தோட்டத்துப் பங்கின் கதை எனலாம்.

கணக்கப்பிள்ளையும் உபதேசியாரும்

ஒரு குரு பல தோட்டங்களுக்குப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. சாலைகள் குறைந்த அக்காலத்தில் அவர் ஒரு தோட்டத்திற்கு அடிக்கடி வருதல் இயலாது. அவர் வராத ஞாயிறுகளில் செபம் சொன்னவர் யார்? நோயாளியின் தலைமாட்டில் நின்று மன்றாடியவர் யார்? குழந்தைகளுக்கு ஞான உபதேசம் கற்பித்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை 'உபதேசியார்' என்பதாகும். சில இடங்களில் அவரே கோயில் மணியடித்து விளக்கேற்றும் கோயில்பிள்ளையுமானார்.

இப்பணி மலாயாவில் புதிதாகத் தோன்றியதன்று. 1542இல் இந்தியா வந்த பிரான்சிசு சவேரியார், தென்கோடி முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணிபுரிந்தார். அவருக்குத் தமிழில் தேர்ச்சி இல்லை. எனவே இரு மொழியும் அறிந்தவர்களைக் கொண்டு அடிப்படைச் செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியை அசைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைத் திரட்டிக் கற்பித்தார். தாம் ஓர் ஊரை விட்டு நீங்கும்போது அங்கே செபத்தை நடத்தும் பொறுப்பைக் 'கணக்கப்பிள்ளை' ஒருவரிடம் ஒப்படைத்தார். குரு இல்லாத ஊரிலும் செபம் நிற்கக்கூடாது என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். அதே சவேரியார் 1545இல் மலாக்காவிற்கு வந்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. தமிழகக் கடற்கரையில் அவர் கண்ட முறை, பல தலைமுறைகளுக்குப் பின் கங்காணிகள் வழியாகக் கப்பலேறிய மக்களோடு மலாயாத் தோட்டத்திற்கும் வந்து சேர்ந்தது.

ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வழிசெய்தது. அதன்பின் சில தோட்டங்களில் பகலில் அகரம் கற்பித்த ஆசிரியரே மாலையில் செபம் கற்பிப்பவராகவும் விளங்கினார். எழுத்தறிந்தவர் அரிதாக இருந்த காலத்தில் ஒருவரே இரு விளக்கையும் ஏந்தவேண்டியிருந்தது.

புதுச்சேரித் தொடர்பு

மலாயாவில் பணியாற்றிய கத்தோலிக்கக் குருமாருள் பெரும்பாலோர் பாரிஸ் வேதபோதக சபையைச் சார்ந்த பிரெஞ்சுக்காரர். அச்சபையே 1776 முதல் புதுச்சேரி மிஷனையும் நடத்தி வந்தது. எனவே மலாயாத் தமிழரிடையே பணிபுரிய வேண்டியவர் சிலர் தமிழகம் சென்று தமிழ் பயின்று திரும்பினர். புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் உருவான செப நூல்களும் அகராதிகளும் அவர்களுக்குத் துணையாயின. முசே, துப்புயி ஆகிய இரு குருமார் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி அவ்வச்சகத்தின் பெருந்தொண்டாகும்.

1888இல் மலாக்கா மேற்றிராசனம் மீண்டும் நிறுவப்பட்டது. 1955இல் அது பிரிக்கப்பட்டுக் கோலாலம்பூர் தனி மேற்றிராசனமாயிற்று. தோமினிக் வெண்டர்கன் அதன் முதல் ஆயரானார். நெகிரி செம்பிலான் அதனுள் அடங்கும். 1972இல் கோலாலம்பூர் உயர்மறைமாவட்டமாக உயர்ந்தது.

பால்வெட்டும் பூசையும்

தொழிலும் வழிபாடும் எவ்வாறு மோதின என்பதற்கு ஒரு சான்று கூறலாம். இரப்பர் மரத்தை விடியற்காலையிலே வெட்ட வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிதல் குறையும். ஆகவே பொழுது புலருமுன்பே பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, வாளியும் உளியுமாய் மக்கள் காட்டுக்குள் போய்விடுவர். பழைய திருச்சபை ஒழுங்கின்படியோ பூசை நடுப்பகலுக்குப் பின் ஒரு மணி நேரத்திற்குள் தொடங்கப்படவேண்டும். நன்மை வாங்குவோர் முந்திய நள்ளிரவு முதல் தண்ணீரும் பருகலாகாது. ஆகவே வேலை நாளில் வரும் திருநாள் தோட்டத் தொழிலாளிக்கு எட்டாக் கனியாயிற்று. பூசைக்குப் போனால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றையக் கூலி இல்லை.

1953ஆம் ஆண்டு சனவரியில் பன்னிரண்டாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர் இவ்விதியைத் தளர்த்தினார். மாலைப் பூசைக்கு வழி திறந்தது. தண்ணீர் பருகுதல் உபவாசத்தைக் குலைக்காது என்றாயிற்று. 1957இல் உபவாசம் மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. உரோமையில் வெளியான ஒரு கட்டளை, பால் நிறுத்துக் குளித்துவிட்டு வந்த ஒரு தொழிலாளியை மாலையில் பீடத்தின் முன் நிறுத்த வல்லதாயிற்று. சட்டம் மனிதனை நோக்கி வளையும்போதே சமயம் ஏழைக்கு எட்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆண்டு வட்டம்

தோட்டத்துப் பங்கின் ஆண்டு, திருநாள்களால் பகுக்கப்பட்டது. தவக்காலத்து வெள்ளிகளில் பதினான்கு நிலைகளைக் கொண்ட சிலுவைப்பாதை. மே மாதம் மாதா வணக்கம். சூன் 13இல் அந்தோனியார் திருநாள். சூலை 26இல் அன்னம்மாள் திருநாள். அக்டோபரில் வீடுதோறும் செபமாலை. நவம்பர் 2இல் கல்லறைத் திருநாள். பின்னர்க் கிறிஸ்து பிறப்பு. அன்னம்மாள் திருநாளுக்குப் புக்கிட் மெர்த்தாஜம் செல்லும் யாத்திரை நாடறிந்தது. வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29இல் கொடியேறிச் செப்டம்பர் 8இல் நிறைவுறும் ஆரோக்கியமாதா திருநாளும் இந்நாட்டுத் தமிழர் நெஞ்சில் நிலைத்தது. விசிட்டேஷன் திருநாள் முன்னர் சூலை 2இல் கொண்டாடப்பட்டது. 1969ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மே 31க்கு மாறிற்று.

இத்திருநாள்களின் அமைப்பை நோக்கினால் தமிழ்ப் பண்பாட்டின் சாயல் தெற்றெனப் புலப்படும். கொடியேற்றம், நவநாள், பூவால் அணிசெய்த சப்பரம், நேர்த்திக்கடன், கூடி உண்ணும் அசனம் ஆகிய யாவும் தமிழ் மண்ணில் விளைந்தவை. சப்பரம் செய்ய மூங்கில் வெட்டுவதும் காகிதப் பூ ஒட்டுவதும் ஒருவர் வேலையல்ல. பிற சமயத்து அண்டை வீட்டாரும் கை கொடுப்பர். மாரியம்மன் திருவிழாவில் இவர்கள் அவ்வாறே உதவுவர். தை மாதத்தில் பல ஆலய வளாகங்களில் இன்றும் பொங்கல் பொங்குகிறது.

குறையொன்றையும் மறைத்தலாகாது. தமிழகத்துக் கோயில்கள் சிலவற்றில் சாதிவாரியாக இடம் பிரித்திருந்தனர். வடக்கன்குளத்தில் ஆலயத்தின் உள்ளேயே எழுந்திருந்த தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. அந்த எண்ணங்களும் கப்பலேறி வந்தன. ஆயினும் ஒரே அளவான லயத்து அறைகளும், ஒரே நிரையில் நின்று செய்த வேலையும், ஒரே நற்கருணைப் பந்தியும் அவற்றின் வலிமையைத் தளர்த்தின. முற்றும் ஒழிந்தன என்று கூறுதற்கில்லை.

செபத்தில் வாழும் தமிழ்

தமிழாசிரியர்க்கு இன்பம் தருவது இம்மக்களின் சொல்வளம். பவுல் என்ற இலத்தீன் பெயர்க்குச் 'சிறியவர்' என்பது பொருள். அதனையறிந்து 'சின்னப்பர்' என்றனர் முன்னோர். யோவான் என்பதற்குக் 'கடவுள் அருளுடையவர்' என்பது பொருள். அவர் 'அருளப்பர்' ஆனார். மந்தினில் உள்ள ஆலயம் புனித அலோசியசின் பெயர் பெற்றது. அவரைத் தமிழர் 'ஞானப்பிரகாசியார்' என்பர். 'சந்தியாகப்பர்', 'இஸ்பிரீத்து சாந்து' போன்றவற்றில் போர்த்துக்கீசிய ஒலி கேட்கிறது. சின்னப்பன், அருளப்பன், சூசை, ஞானப்பிரகாசம் எனத் தோட்டப் பேரேட்டில் எழுதப்பட்ட ஒவ்வொரு பெயரும் ஒரு சிறு மொழிபெயர்ப்பு வரலாறாகும்.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டிற்கு இடமளித்தது. இலத்தீனில் நடந்த பூசை தமிழில் 'திருப்பலி' ஆயிற்று. 'சர்வேசுரன்' என்ற இடத்தில் 'இறைவன்' வந்தது. 'ஞானஸ்நானம்' 'திருமுழுக்கு' ஆயிற்று. 'இஸ்பிரீத்து சாந்து' 'தூய ஆவி' ஆயிற்று. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இப்போக்கை நிலைபெறச் செய்தது. தூய தமிழ் வந்தது நன்றே. எனினும் பழைய சொற்களைக் குறித்துவைக்காமல் கைவிட்டால், பாட்டியின் செபம் பேரனுக்கு வேற்றுமொழி ஆகிவிடும்.

தோட்டம் கலைந்த பின்

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. சில செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயம் கலைந்தபோது மக்களும் நகரோரம் சிதறினர். முன்னர் மணியொலி கேட்கும் தொலைவில் இருந்த குடும்பங்கள் இன்று வெவ்வேறு தாமான்களில் உள்ளன. 1976இல் தீபகற்ப மலேசியக் குருமார் கூடி எடுத்த முடிவுகளின் பயனாக, அண்டை வீட்டார் சிறு குழுக்களாகக் கூடிச் செபிக்கும் முறை பரவியது. தமிழில் இதனை 'அன்பியம்' என்பர். லயத்து வாசலில் நடந்த செபமாலைக்கு இது புதிய வடிவம் என்று கொள்ளலாம். ஆனால் லயத்தில் கூட்டம் தானே கூடியது. தாமானில் கூட்ட வேண்டியிருக்கிறது.

இந்நிலையில் அழியும் தறுவாயில் உள்ளவை மூன்று. முதலாவது, பங்கின் பதிவேடுகள். திருமுழுக்கையும் திருமணத்தையும் ஏட்டில் எழுதுமாறு 1563இல் திரிதெந்தீன் சங்கம் பணித்தது. பெற்றோர் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் நாளும் அதில் உண்டு. பிறப்புப் பத்திரம் இன்றி அடையாள அட்டைக்கு அலையும் தோட்டத்துக் குடும்பங்களுக்கு அவ்வேட்டின் ஒரு வரி துணைச் சான்றாக உதவக்கூடும். கறையான் அரிக்க விடுதல் அறமன்று. இரண்டாவது, கல்லறை எழுத்துகள். தோட்டம் கைமாறும்போது முதலில் மறைவன அவையே. மூன்றாவது, செபத்தைத் தமிழில் படிக்கும் ஆற்றல். உரோமன் எழுத்தில் எழுதிவைத்துத் தமிழ்ச் செபம் சொல்லும் பிள்ளைகளும் உளர். நாவில் தமிழ் இருக்கிறது, கண்ணில் இல்லை. இவ்வாறு ஒரு தலைமுறை சென்றால் நாவிலிருந்தும் அது நழுவும்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறையின் தலைவராக இருந்து, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டிய சேவியர் தனிநாயகம் அடிகள் ஒரு கத்தோலிக்கக் குரு. சமயமும் தமிழும் ஒன்றுக்கொன்று இடையூறல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்று. அவர் பணி உலகளாவியது. ஒவ்வொரு பங்கிலும் செய்யவேண்டிய பணி சிறியது. ஒரு முதியவரின் சொற்களை எழுதிவைத்தல், ஒரு கல்லறையின் வரிகளைப் படியெடுத்தல், ஒரு குழந்தைக்கு எழுத்துக்கூட்டிச் செபம் படிக்கக் கற்பித்தல் ஆகிய இவற்றிற்குப் பெரும் பொருள் வேண்டா, பொறுமை வேண்டும். குரு இல்லாத ஊரில் செபம் நிற்கக்கூடாது என்று அன்று ஒரு கணக்கப்பிள்ளையிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. தோட்டம் இல்லாத ஊரில் தமிழ் நிற்கக்கூடாது என்ற பொறுப்பு இன்று பங்கிலுள்ள ஒவ்வொருவர்க்கும், சிறப்பாகத் தமிழாசிரியர்க்கும், உரிய பங்காகும்.