தலைகுனிவதுதான் மரியாதையா?

என் முதல் வேலை நேர்காணல் ராஃபிள்ஸ் பிளேசில் ஓர் அலுவலகத்தில் நடந்தது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் எதிரே இருந்த அம்மையார். மேசையைப் பார்த்தபடியே பெயரையும் படிப்பையும் சொல்லி நிறுத்திவிட்டேன். பெரியவர்கள் முன் அதிகம் பேசக்கூடாது, தற்பெருமை கூடாது என்று சொல்லித்தான் வீட்டில் வளர்த்தார்கள்.

வேலை கிடைக்கவில்லை. காரணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். 'உங்களிடம் ஆர்வம் தெரியவில்லை' என்று பதில் வந்தது. அந்த நேர்காணலுக்காக மூன்று இரவு கண்விழித்துத் தயாரானவன் நான்!

இப்போது மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்து ஆள் தேர்வு செய்கிறேன். நம் பிள்ளைகள் சிலர் அதே தவற்றைச் செய்யும்போது மனம் சங்கடப்படுகிறது.

பணிவு கட்டாயம் வேண்டும். அதைக் காட்ட எத்தனையோ இடங்கள் உண்டு. பத்து நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். ரயில் தாமதமானால், குறித்த நேரத்துக்கு முன்பே தொலைபேசியில் தெரிவியுங்கள். வரவேற்பு மேசையில் இருப்பவரிடமும் மேலாளரிடம் பேசுவதுபோலவே பேசுங்கள். கைத்தொலைபேசியை அணைத்து வையுங்கள். கைகுலுக்க நீங்கள் முந்த வேண்டாம். முஸ்லிம் அன்பர்கள் சிலர் கைகொடுக்காமல் நெஞ்சில் கைவைத்து வணக்கம் சொல்வார்கள். நீங்களும் புன்னகையோடு அப்படியே செய்யலாம். கேள்வியை முழுதாகக் கேட்டபின் பதில் சொல்லுங்கள்.

ஆனால் பேச வேண்டிய நேரத்தில் மௌனமாக இருந்தால், அதைப் பணிவு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "எல்லாரும் சேர்ந்து செய்தோம்" என்பதோடு நிறுத்தாமல், "அதில் கணக்குகளைச் சரிபார்த்தது நான், இரண்டு பிழைகளைக் கண்டுபிடித்தேன்" என்று சொல்லுங்கள். செய்ததைச் செய்தபடி சொல்வது தற்பெருமை ஆகாது. கண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருந்தால், புருவங்களுக்கு நடுவே பாருங்கள். எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். பழைய முதலாளியைக் குறைசொல்வதைத் தவிருங்கள். மறுநாளே இரண்டு வரியில் நன்றி மின்னஞ்சல் அனுப்புங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இன்று இரவு சாப்பிடும்போது, "இந்த வாரம் நீ என்ன செய்தாய்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல், முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். என் மகளிடம் நான் தினமும் கேட்கிறேன். முதலில் ஒரு வரி சொல்லி எழுந்துவிடுவாள். இப்போதெல்லாம் சோறு ஆறிப்போகிறது, பேச்சு முடிவதில்லை.